முப்பத்தோராம் நாள் அறிவித்தல்

யாழ்ப்பாணத்தில் பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் இரண்டே வகை. அந்தச் செய்தியை எழுதியவர் ஒருவகை, அதில் அடி வாங்கியவர் மற்றவகை. மிச்சப் பேர் எல்லாரும் ஏழாம் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார்கள். எங்கள் பத்திரிகையில் ஏழாம் பக்கம் மரண அறிவித்தல். இருபத்து நான்கு வருடமாக அந்தப் பக்கத்தைச் செய்பவள் நான்.

பெயர் யோசப்பின். ஊர் குருநகர். பத்திரிகையின் பெயர் 'வடகதிர்'. சந்தைக்கு மீன் வாங்கப் போனால் "செத்தவீட்டு யோசப்பின் வாறா" என்று விற்கிறவர்களே சொல்வார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு, பட்டணத்தில் இத்தனை பேருக்கு என்னைத் தெரிந்திருக்கிறதே என்று விட்டுவிட்டேன். எங்கள் ஆசிரியர் கேதீஸ்வரன் அண்ணையை மீன்காரர் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கலியாணத்துக்கு அழைப்பதென்றால் கார்ட் அடித்து, வீடு தேடிப்போய்க் கையில் கொடுத்து, "கட்டாயம் வரவேணும்" என்று இரண்டு தரம் சொல்லவேண்டும். ஒரு தரம் சொன்னால் வரமாட்டார்கள். வராமல் இருந்துவிட்டுப் பத்து வருடம் சொல்லியும் காட்டுவார்கள். சாவுக்கு அப்படியில்லை. "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் அதுவே அழைப்பு. வேறு ஒருவரும் வந்து கூப்பிடத் தேவையில்லை. அந்த வரியைப் பார்த்துவிட்டு வீட்டில் இருப்பவனை ஊர் மன்னிக்காது.

ஆனால் அந்த அறிவித்தலில் பெயர் விடுபட்டால் போச்சு. அன்னாரின் அன்பு மனைவி, பாசமிகு பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், சகலன் என்று வரிசையாக வரவேண்டும். வேலைக்கு வந்த புதிதில் உயிரோடு இருந்த ஒரு மைத்துனருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டுவிட்டேன். அடுத்த நாள் அவர் கொக்குவிலிலிருந்து சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். "பிள்ளை, நான் காலஞ்சென்ற ஆளைப் போலவோ இருக்கிறன்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மரண அறிவித்தலையும் நான்கு தரம் வாசிக்கிறேன். விரலை வைத்து, பெயர் பெயராக வாசிக்கிறேன்.

வடகதிரை இவ்வளவு காலமும் சுமந்தது அந்தப் பக்கந்தான். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகள் அப்பாவுக்கு அரைப்பக்கம், அம்மாவுக்கு முழுப்பக்கம் என்று போடுவார்கள். அந்தக் காசில்தான் மற்றப் பக்கங்கள் எல்லாம் ஓடின. நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிரதேச சபைகளுக்கும் போய் எழுதுகிறவர்களின் சம்பளம் செத்தவர்கள் கொடுத்தது. இப்போது அதுவும் குறைந்துவிட்டது. மெழுகுதிரி எரிகிற படத்தோடு இணையத்தில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுகிறார்கள். தாள் விலை ஏறியதோடு இருபத்து நான்கு பக்கம் பன்னிரண்டாயிற்று. பிறகு செய்தியாளர் கோகுலனின் பெற்றோல் காசு நின்றது. மனிதன் பாவம், மூன்று பிரதேச சபைகளுக்கு மாதா மாதம் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், போன் எடுத்துச் செய்தி கேட்கிறவராக மாறினார். சபைக்காரர் போனில் என்ன சொல்வார்கள்? எல்லாம் நல்லாய் நடக்கிறது என்பார்கள். அதைத்தான் எழுதினோம்.

குணலட்சுமி அக்கா வந்தது செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை மத்தியானம். நீர்வேலிக்கு அங்கால் விளாத்தியடி என்ற சின்ன ஊர். வாழையும் வெங்காயமும் வைக்கிற குடும்பம். அறுபது வயதிருக்கும். கணவர் முருகேசு ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி காலமானார். அவருக்கான மரண அறிவித்தலை நான்தான் செய்தேன். இப்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அறிவித்தல் கொடுக்க வந்திருந்தார். கீரிமலைத் தீர்த்தத்தில் காலையில் கிரியை, பிறகு வீட்டுக்கிருத்தியம், மத்தியானம் சாப்பாடு. செப்டெம்பர் பதினேழு, புதன்கிழமை.

பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் இடையில் நிறுத்தி, வீட்டுக்குப் பக்கத்தில் நில அளவைக்காரர் வந்து கல்லு நட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். ஊர்ப் பொதுக்கிணறு இருக்கிற காணி. தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிற கொம்பனி ஒன்று அதை எடுக்கப்போகிறதாம், அளந்தவர்களில் ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டானாம். விளாத்தியடியில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. தோட்டத்துக்கு இறைக்கலாம், குடிக்க முடியாது. பசளை இறங்கிய தண்ணீர், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சுகாதாரப் பரிசோதகரே சொல்லியிருக்கிறார். அந்தப் பொதுக்கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். நூற்றைம்பது வீடு அதில் அள்ளிக் குடிக்கிறது.

"பேப்பரிலை ஒண்டும் வரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார்.

வந்திருந்தால் எனக்குத் தெரியாமலா என்றேன். அவ்வளவு நிமிர்வாகச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

பெயர் வரிசை போன தரம் மாதிரியே இருக்கட்டும் என்று கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். முருகேசுவின் மரண அறிவித்தல். பத்திரிகையிலிருந்து கத்தரித்து, மடங்கிப்போகாமல் இருக்க லமினேற் செய்து வைத்திருந்தார். இப்படிப் பலர் செய்வார்கள். நான் பெயர்களைப் பார்த்து எழுதிவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது அது கையில் புரண்டது. பின்பக்கத்திலும் முருகேசு என்ற பெயர் இருந்தது.

பெயர் என்றால் என் கண் நிற்கும், அது தொழில். ஏழாம் பக்கத்தின் பின்பக்கம் எட்டாம் பக்கம். அதில் ரெண்டர் என்கிற கேள்விமனுக்களும் அரச அறிவித்தல்களும் போடுவோம். அதையும் நான்தான் செய்கிறேன். வாசித்தேன். ஒரு பிரதேச சபையின் பொது அறிவித்தல். எந்தச் சபை என்று இங்கே எழுதப்போவதில்லை, வழக்குப் பேச எங்களிடம் வசதியில்லை. நில அளவைப் படம் இன்ன இலக்கம், துண்டு மூன்று, பரப்பளவு இலாச்சம் நான்கு குழி ஏழு. "கிழக்கு வீதியும், வடக்கு சின்னத்தம்பி முருகேசுவும், மேற்கு ஒழுங்கையும், தெற்கு வாய்க்காலும் எல்லைகளாகவுள்ள இதற்குள் அடங்கிய நிலம், வான்பயிர், தான்பயிர், கிணறு முழுவதும்" முப்பது வருடக் குத்தகைக்கு விடப்படவுள்ளது. ஆட்சேபனை உள்ளோர் செப்டெம்பர் பதினேழாம் திகதி முற்பகல் பத்து மணிக்குச் சபை மண்டபத்தில் எழுத்து மூலம் நேரில் கையளிக்கலாம். தவறின் ஆட்சேபனை எதுவுமில்லை எனக் கருதப்படும்.

அந்த மனுசி இருபத்தைந்து நாளாக இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். முன்பக்கத்தில் புருசன் செத்தது, பின்பக்கத்தில் கிணறு போவது. முன்பக்கத்தை நான் நான்கு தரம் வாசித்திருந்தேன். பின்பக்கத்தைச் சபை அனுப்பிய மாதிரியே எடுத்து ஒட்டினேன். ஒரு தரம்கூட வாசிக்கவில்லை. எங்களிடம் சொல்லாமல் செய்கிறார்கள் என்று சபையைத் திட்டவும் முடியாது. அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், எங்கள் பத்திரிகையிலேயே, எங்களுக்கே காசு கொடுத்து.

குணலட்சுமி அக்காவிடம் விடயத்தைச் சொல்லிவிட்டு, கோகுலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார். ஜூலை மாத அமர்வில் தீர்மானம் எடுத்திருக்கவேண்டும் என்றார். அந்த அமர்வுக்குப் போனீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"போகேல்லை அக்கா. போன் எடுத்துக் கேட்டனான். விசேசமாய் ஒண்டுமில்லை எண்டவை."

அன்று பின்னேரமே எழுதினார். நல்லாய் எழுதினார், பொய் சொல்லக்கூடாது. இலாச்சம் குழியை எல்லாம் மாற்றி, இது விளாத்தியடிக் கிணறு, இத்தனை வீடு குடிக்கிறது, இன்ன திகதிக்குள் ஆட்சேபனை கொடுக்கவேண்டும் என்று விளங்கக்கூடிய தமிழில் எழுதினார். கேதீஸ்வரன் அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். எங்களுக்கு மிச்சம் இருக்கிற விளம்பரகாரர்களில் அந்தச் சபையும் ஒன்று. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு முதற்பக்கத்தில் கீழே இடம் ஒதுக்கினார். சனிக்கிழமை வந்தது.

திங்கட்கிழமை குணலட்சுமி அக்கா அறிவித்தலின் மாதிரிப் பிரதி பார்க்க வந்தார். விளாத்தியடியில் இப்போது கொந்தளித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். செய்தியை ஊரில் வாசித்தார்களா என்று கேட்டேன். எந்தச் செய்தி என்று கேட்கிறார்கள் என்றார், தான் சொன்னதையும் ஒருவரும் நம்பவில்லையாம்.

அவர்களின் ஊரில் பத்திரிகை எடுப்பது ஒன்பது வீடு. எடுக்கிறவர்கள் ஏழாம் பக்கத்தை விரித்து, தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் மடித்து வைத்துவிடுகிறார்கள். இளம் ஆட்கள் போனில் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கத்துகிற வீடியோ பார்க்கிறார்கள். அதில் அமெரிக்கா வருகிறது, இந்தியா வருகிறது, விளாத்தியடி வருவதில்லை. முதற்பக்கச் செய்தியை ஒன்றிரண்டு பேர் கண்டிருக்கிறார்கள். பேப்பர்காரர் ஏதாவது எழுதிச் சண்டை கொழுவி விடுவார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சனங்கள் மேல் கோபம், சபை மேல் கோபம், எல்லாவற்றிலும் மேலாக என் மேலேயே கோபம். இந்த மனிதர்களுக்கு எதையாவது சொல்லவேண்டும் என்றால் யாராவது சாகவேண்டும். அப்படி நினைத்தவுடன் அந்த யோசனை வந்தது. நேரே ஆசிரியரின் அறைக்குப் போனேன். குணலட்சுமி அக்காவும் என் பின்னால் வந்து கதவடியில் நின்றார்.

நாளைய ஏழாம் பக்கத்தில் கிணற்றுக்கு ஒரு மரண அறிவித்தல் போடுவோம் என்றேன். பிறந்த இடம் விளாத்தியடி, வாழ்ந்த இடம் விளாத்தியடி, நூற்றைம்பது வீட்டின் அன்புத் தாய், புதன்கிழமை பத்து மணிக்குச் சபை மண்டபத்தில் இறுதிக்கிரியை. சனம் கட்டாயம் வரும் என்றேன்.

கேதீஸ்வரன் அண்ணை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யோசப்பின், சண்டை நேரம் கொப்பித் தாளிலை அடிச்ச காலத்திலையும் அந்தப் பக்கத்திலை ஒரு பொய் வரேல்லை. செய்தியிலை எங்களுக்கு எத்தினையோ பிழை விட்டுது. அந்தப் பக்கத்திலை விடேல்லை. நாளைக்குச் சாகாத ஒண்டைச் செத்ததெண்டு போட்டால், நாளையிண்டைக்கு மெய்யாய்ச் செத்தவனை ஆர் நம்புறது? நீர் சொல்லும்."

அந்தப் பக்கத்தில் பொய் வரக்கூடாது என்று கொக்குவில்காரர் சைக்கிளில் வந்த நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தவள் நான். அவர் சொன்னது என் வாயிலிருந்து வந்திருக்கவேண்டிய கதை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அப்போது கதவடியிலிருந்து குணலட்சுமி அக்கா கதைத்தார்.

"அவரின்ரை அறிவித்தலிலை போடுங்கோ. அவர் செத்தது மெய். கிணறு போறதும் மெய்."

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். கேதீஸ்வரன் அண்ணை எழுந்து, தான் இருந்த கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, இருங்கோ அம்மா என்றார்.

இடம் இல்லை என்பதுதான் அடுத்த பிரச்சினை. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் வேறு ஐந்து பேர் இருந்தார்கள். எல்லாம் புதிய சாவு, ஒன்றையும் சுருக்க முடியாது. பத்திரிகைக்கு இன்னும் ஒரு தாள் கூட்டுவதென்றால் அந்த வாரம் கடதாசி காணாது. முருகேசுவுக்கு எடுத்த பெட்டிக்குள்ளேயே கிணறும் அடங்கவேண்டும். அதற்கு ஏதாவது வெளியே போகவேண்டும். குணலட்சுமி அக்கா என் பேனையை வாங்கி, மாதிரிப் பிரதியில் பெயர்களை வெட்டத் தொடங்கினார்.

என் வேலைக்காலத்தில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அரை வரிக்காகப் பிறந்த சகோதரர்கள் வருடக்கணக்கில் கதையாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். இவர் மைத்துனர்களை வெட்டினார். சகலனை வெட்டினார். பெறாமக்களை வெட்டினார். கனடாவிலிருக்கும் மகன், சுவிஸிலிருக்கும் மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கோடு போட்டார். அந்த அறிவித்தலுக்குக் காசு அனுப்பியதே கனடா மகன்தான். மகன் கோபிக்கமாட்டாரா அக்கா என்று கேட்டேன்.

"கோபிப்பான். அவையள் அங்கை தண்ணி குடிக்கினம். பேர் இல்லாட்டிலும் பரவாயில்லை."

வெட்டி முடித்தார். கடைசியில் மனைவியின் பெயர் மட்டும் இருந்தது.

கோகுலன் எழுதித் தந்தார், நான் திருத்தினேன், கேதீஸ்வரன் அண்ணை ஒவ்வொரு சொல்லாக மெய்யா என்று கேட்டார். அன்னார் அறுபத்தெட்டு வருடம் தண்ணீர் அள்ளிக் குடித்த விளாத்தியடிப் பொதுக்கிணறு முப்பது வருடக் குத்தகைக்கு விடப்படவுள்ளது. ஆட்சேபனை கையளிக்கும் நேரம் புதன் முற்பகல் பத்து மணி, இடம் சபை மண்டபம். கீரிமலைக் கிரியைகள் முடிந்து குடும்பத்தினர் அங்கு செல்வர். வீட்டுக்கிருத்தியமும் மதிய போசனமும் பன்னிரண்டு மணிக்கு. ஐயரிடம் கதைத்தாயிற்று, அவர் சம்மதம் என்றார் குணலட்சுமி அக்கா. கீழே வழக்கமான வரி: இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

ஐந்து தரம் வாசித்தேன். அன்று எட்டாம் பக்கத்தையும் ஐந்து தரம் வாசித்தேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க என் போன் அடித்தது. ஒருவரும் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. என் பெயர் எங்கே, மனிசியின் பெயர் எங்கே, ஆரைக் கேட்டு வெட்டினீர்கள் என்றார்கள். கனடா மகன் எடுத்து, பத்திரிகையை மூடச் செய்கிறேன் என்றார். அதற்கு அவர் தேவையில்லை, தானாகவே மூடிக்கொண்டிருக்கிறது என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். உள்ளூர் மைத்துனர் ஒருவர் நேரில் வந்தே மேசையில் அடித்தார். விளக்கம் வேணுமென்றால் புதன்கிழமை பத்து மணிக்கு வந்து உங்கள் மச்சாளிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை நான் லீவு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இருபத்து நான்கு வருடத்தில் எத்தனையோ செத்தவீட்டுக்கு ஆட்களை அனுப்பியிருக்கிறேன், ஒரு சபை அமர்வையும் கண்டதில்லை. மண்டபத்தில் நாற்பது பிளாஸ்ரிக் கதிரை. ஒன்பதரை மணிக்கு நானும் கோகுலனும் மட்டும் இருந்தோம். அந்த மனுசி தன் புருசனின் கடைசி அறிவித்தலைத் தந்திருக்கிறார். ஒருவரும் வராவிட்டால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க கீரிமலைக்குப் போன வான் வந்தது. குணலட்சுமி அக்கா இறங்கினார், நெற்றியில் திருநீறு, தலை ஈரம் காயவில்லை. பின்னால் இன்னொரு வான். பிறகு சைக்கிள்கள், லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், நடந்து வந்தவர்கள். எல்லாரும் வெள்ளை உடுப்பு. வந்தவர்கள் செத்தவீட்டில் இருப்பது போலவே இருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கதிரை கிடைக்காதவர்கள் சுவரோடு நின்றார்கள். சத்தம் இல்லை. பெயர் வெட்டுப்பட்ட மைத்துனர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதலில் வந்தவர்களே அவர்கள்தான், சண்டை பிடிக்க. ஒருவர் குணலட்சுமி அக்காவிடம் போய் ஏதோ கேட்டார். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். அந்த மனிதர் நேரே கோகுலனிடம் வந்து ஒரு வெள்ளைத் தாள் இருக்குமா என்று கேட்டார்.

உறுப்பினர்கள் வந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார்கள். தவிசாளர் செயலாளரிடம் குனிந்து யாருடைய மரணம் என்று கேட்டது எனக்குக் கேட்டது. ஆட்சேபனைகள் எழுத்தில் இருக்கவேண்டும் என்று செயலாளர் அறிவித்தார். அதற்கும் வந்திருந்தார்கள். அரைவாசிப் பேர் அறிவித்தலைக் கத்தரித்துக் கொண்டுவந்திருந்தார்கள்; போகிற செத்தவீட்டின் முகவரி கையில் இருக்கவேண்டும் என்று அப்படிச் செய்வது வழக்கம். அதன் ஓரத்திலேயே பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் கோகுலனின் குறிப்புக் கொப்பியைக் கிழித்து முடித்தார்கள். செயலாளர் ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்திப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. அது முடிய ஒரு மணித்தியாலம் ஆயிற்று.

இது முறையாகப் பத்திரிகையில் அறிவிக்கப்பட்ட விடயம், அப்போது ஏன் ஒருவரும் வரவில்லை என்று தவிசாளர் கேட்டார். கேட்டதில் பிழையில்லை. குணலட்சுமி அக்கா எழுந்துபோய், லமினேற் செய்த அந்தத் துண்டை அவர் முன்னால் வைத்தார். முதலில் முன்பக்கம் காட்டினார். பிறகு திருப்பிப் பின்பக்கம் காட்டினார்.

"நீங்கள் அறிவிச்சது இதுதான். அண்டைக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்து அழுதுகொண்டிருந்தனான். கிணறெண்டு ஒரு சொல்லு மேலை பெரிசாய்ப் போட்டிருந்தால் திருப்பிப் பார்த்திருப்பன்."

தவிசாளர் துண்டை வாங்கி இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைச் சொல்லவில்லை, ஆனால் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

குத்தகை மீள்பரிசீலனைக்கு எடுக்கப்படும் என்று அறிவித்தார்கள். மீள்பரிசீலனை என்றால் என்ன என்று ஒரு கிழவர் கேட்டார். இப்போதைக்கு இல்லை என்று கோகுலன் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் விளாத்தியடிக்குப் போனோம். ஐயர் காத்துக்கொண்டிருந்தார். கிருத்தியம் முடிந்து வாழையிலையில் சோறு, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். குடிக்கிற தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர்தான். குருநகரில் உப்புத் தண்ணீரோடு வளர்ந்தவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

அடுத்த வாரம் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செலவுக் குறைப்புக் காரணமாக இனிமேல் பொது அறிவித்தல்கள் சபையின் இணையத்தளத்தில் மட்டும் வெளியிடப்படும். கேதீஸ்வரன் அண்ணை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மாத முடிவில் பன்னிரண்டு பக்கம் எட்டாகும் என்று சொன்னார். மரண அறிவித்தல் ஐந்தாம் பக்கத்துக்கு வந்துவிடும், சனம் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்றார்.

நான் செய்தது பிழையா அண்ணை என்று கேட்டேன்.

"பிழையில்லை. ஆனால் பிழையில்லாததுக்கும் செலவு இருக்கு" என்றார். பிறகு எட்டுப் பக்கத்துக்குள் எதை எங்கே வைப்பது என்று கீறத் தொடங்கினார்.

எனக்கு வேறு கவலை. அறிவித்தல் எங்களிடம் வந்தபோதே வாசிக்காமல் விட்டோம். இனி அது வரவே வராது. இணையத்தளத்தில் ஒரு மூலையில் இலாச்சமும் குழியுமாகக் கிடக்கும். யார் போய்ப் பார்ப்பது? கோகுலன் இப்போது நீதிமன்றம், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி மூன்றையும் தனியாகப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை.

ஒக்ரோபர் அமர்வு ஒரு வியாழக்கிழமை. லீவு போட்டேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பஸ் மாறி, ஒன்பதரைக்கே போய்விட்டேன். மண்டபத்தின் ஓரத்தில் 'ஊடகம்' என்று தாள் ஒட்டிய இரண்டு கதிரை. இரண்டிலும் தூசி. சீலைத் தலைப்பால் ஒன்றைத் துடைத்துவிட்டு இருந்து, கொப்பியைத் திறந்து திகதி எழுதினேன். வேறென்ன எழுதவேண்டும் என்று தெரியாது. பெயர்களை எழுதுவோம், அதுதான் பழக்கம் என்று வந்த உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினேன்.

தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொண்டு வந்த சபைப் பியோன் என்னைக் கண்டதும் நின்றுவிட்டான். முகம் மாறிவிட்டது.

"செத்தவீட்டு அக்கா எல்லே? ஆர் அக்கா செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி," என்றேன். "சாகிறதுக்கு முதலே வந்திருக்கிறன்."